வயசுக்கு ஒரு நிமிஷம்

திருநகர்,
சனிக்கிழமை

அன்பு மகள் மாதங்கிக்கு அப்பா எழுதுறது. நானும் அம்மாவும் நல்லா இருக்கோம், உன் மக மதுவந்தி எங்களைவிட நல்லா இருக்கா. கனடாவுல நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமான்னு எழுது.

லீவுக்கு அவளை இங்க விட்டுட்டுப் போகும்போது, சேட்டை பண்ணா அடிக்காதீங்கப்பா, வயசுக்கு ஒரு நிமிஷம் சேர்ல உக்கார வைங்கன்னு சொன்னியே, அதை நான் ஒரே ஒரு தடவைதான் செஞ்சேன், ஆறு நிமிஷம். மறுநாள்லருந்து அவதான் எங்களை உக்கார வைக்கறா. வியாழக்கிழமை பக்கத்து வீட்டு அழகுமலை வந்தாரு. நம்ம வாசல்ல காரை நிறுத்துன சண்டையில ரெண்டு வருஷமாப் பேச்சில்லைன்னு உனக்குத் தெரியும். என்ன சொல்ல வந்தாருன்னு கேக்காமலே நான் கத்த, அவரும் கத்த, உன் மக ரெண்டு பிளாஸ்டிக் சேரை இழுத்துட்டு வந்து சுவரைப் பாக்கப் போட்டுட்டா. எனக்கு எழுபத்திரண்டு நிமிஷம். எல்லாருக்கும் ஒரே சட்டம்னு அவகிட்ட சொன்ன வாய், மறுக்க முடியல, உக்காந்துட்டேன். அழகுமலைகிட்ட வயசு கேட்டா, அம்பத்தெட்டுன்னாரு. ரிடையர் ஆகியே பதினொரு வருஷம் ஆச்சேன்னு அம்மா உள்ளருந்து சொல்லிட்டா, அவருக்கு அறுபத்தொம்பதாச்சு.

பாத்ரூம் போகணும்னா கட்டைவிரலைத் தூக்கி டைம் ப்ளீஸ் சொல்லணும், தொட்டு விளையாடும்போது பிள்ளைக சொல்லுதுகளே, அதேதான். ஒருத்தர் சொன்னா ரெண்டு பேர் கடிகாரமும் நிக்கும், தண்டனை குறையாது. நான் மூணு தடவை தூக்குனேன், எனக்குச் சுகர்னு அழகுமலைக்கு அன்னிக்குத்தான் தெரியும். சிலிண்டர் போட வந்த வீரணன் எங்களைப் பாத்துட்டு, யாரும் தவறிட்டாங்களான்னு அம்மாகிட்ட மெதுவாக் கேட்டுச் செருப்பைக் கழட்டிட்டு நின்னான்.

நாப்பதாவது நிமிஷ வாக்குல அழகுமலை சுவரைப் பாத்தபடியே சொன்னாரு, வீட்டை வித்தாச்சாம், பத்தாம் தேதி மகன்கூட ஓசூருக்குப் போறாராம், அதைச் சொல்லத்தான் வந்தாராம். காரை அங்க எங்க விடுவீங்கன்னு நான் கேட்டேன். அதையும் வித்தாச்சுன்னாரு. அவர் நேரம் முடிஞ்சதும் கேட் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, "உங்களுக்கு இன்னும் மூணு நிமிஷம் இருக்குல்லண்ணே"ன்னு பக்கத்துல உக்காந்தாரு. அம்புட்டு நேரம் உக்காந்தும் அந்த மூணு நிமிஷம் பத்தல.

ரெண்டு வேளையாவது சோறாக்கிச் சாப்பிடு, ஆத்தா மீனாட்சி உங்களுக்குத் துணை இருப்பா. ஒண்ணை மறந்துறாத. பிள்ளையைக் கூட்டிட்டு வர மாப்பிள்ளையை மட்டும் அனுப்புறேன்னு சொன்னியாமே, அது நடக்காது. போன ஞாயித்துக்கிழமை போன் பண்ணாததுக்கு உன் மக உன் பேர்ல முப்பத்தெட்டு நிமிஷம் எழுதி வச்சிருக்கா. வீடியோல உக்காந்தா செல்லாதாம், நேர்ல வந்து உக்காரணுமாம். நானும் அதைத்தான் சொல்றேன்.

ஆசீர்வாதங்களோட,
அப்பா ராஜாராமன்