பனியில் கூப்பிட்ட பேர்

சென்னை-17
ஐப்பசி 8

கண்ணு,

அப்பா ஆபீஸ்காரர்கள் குடும்பங்களோடு ஏற்காடு போய் வந்தோம்! மலைப்பாதையில் நடக்கும்போது ஒரே மூடுபனி. அது சற்றே விலகியபோது, அப்பா பாதையை விட்டுப் பள்ளத்தை நோக்கி நடப்பது தெரிந்தது.

"என்னங்க!" என்று கத்தினேன். கூட வந்த பெண்களின் புருஷன்மார் எல்லாம் "என்னடி?" என்று திரும்பினார்கள். அப்பா திரும்பவில்லை.

அப்பாவுக்குச் சாமி பேர் என்பதால், கோயிலில்கூட அந்தப் பேரைச் சொல்லாதவள் நான். மலையே அதிர அதைச் சொல்லிக் கூப்பிட்டேன்! விளிம்பில் நின்றுவிட்டார்.

இறங்கும்போது, "இன்னொரு வாட்டி கூப்பிடேன்" என்றார் மெதுவாக. கூப்பிட்டேன், கண்ணு!

தீபாவளிக்கு இரண்டு பேரும் வாருங்கள். மாப்பிள்ளையை நீ பேர் சொல்லியே கூப்பிடு. போன தடவைபோல் நான் எழுந்து உள்ளே போய்விட மாட்டேன்.

ஆசையோடு,
அம்மா