தருகிறேன் என்றவள்

பிப்ரவரி 9

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? ஒரு வரி எழுதக் கை வராதா உனக்கு? கேட்டால் கடையில் துணி குவிந்து கிடக்கிறது என்பாய். அக்காவைவிட மிஷின்தான் உனக்கு ஒட்டு உறவு.

என் வேலைச் சட்டைகள் இரண்டை அனுப்பியிருக்கிறேன். இறுக்குகின்றன. மார்பிலும் இடுப்பிலும் தையலைப் பிரித்து விட்டால் போதும். கையும் தோளும் சரியாகத்தான் இருக்கின்றன. அச்சகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து புத்தகம் தைக்கிறவளுக்கு, நாற்பத்தைந்து வயதில் உடம்பு ஊதாமல் என்ன செய்யும்? உன் அத்தான் கேலி செய்கிறார். மகனுக்குக் கல்லூரியில் கடைசி வருடம். அவன் உண்டு, அவன் அறை உண்டு.

அவசரமில்லை. முடிந்தபோது அனுப்பு.

உன் அக்கா

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

சட்டைகளை அனுப்பிவிட்டேன். தையலுக்கு உள்ளே மடித்திருந்த துணி முழுவதையும் விட்டாகிவிட்டது. அடுத்த மாதம் இதுவும் பத்தாது.

இத்தனை வருடமாகப் பெண்களுக்குத் தைக்கிறேன். சதை போட்டால் கையும் சேர்ந்து பிடிக்கும். கை அப்படியே இருந்து, மார்பும் இடுப்பும் மட்டும் இறுக்கினால், நான் ஒன்றும் கேட்காமலே தளர்த்தி வெட்டிக் கொடுப்பேன். அவர்களாகச் சொல்லும்போது சந்தோஷப்படுவேன்.

என்னிடமே சட்டையை அனுப்பிவிட்டு எனக்குத் தெரியாது என்று நினைத்தாயே, முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு வரவில்லை. உங்கள் தெருவில் தையல்காரரே இல்லையா?

எத்தனை மாதம்? மூன்று முறை வயிற்றில் இருந்ததைப் பறிகொடுத்தவளிடம் எப்படிச் சொல்வது என்று மறைத்தாயா? இல்லை, என் கண் பட்டுவிடும் என்று பயந்தாயா?

தங்கச்சி

மார்ச் 1

என் கண்ணே தங்கச்சி,

கண் படும் என்று நான் நினைப்பேனா? அந்த வரியைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நான்கு மாதம் முடிந்துவிட்டது. எல்லாம் நின்றுபோகிற வயசு என்று அசட்டையாக இருந்துவிட்டேன். டாக்டரம்மா சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அத்தானும் இல்லை, மகனும் இல்லை. நீதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் உன்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேனே, அதுதான். கேட்டுக் கேட்டு ஏங்கினவளுக்கு இல்லை, கேட்காதவளுக்கு வந்து நிற்கிறது. உன் பங்கை எடுத்துச் சாப்பிட்டுவிட்டதுபோல் இருக்கிறது. வாயால் சொல்லத் தைரியம் இல்லாமல், தானே தெரியட்டும் என்றுதான் சட்டையை அனுப்பினேனோ என்னவோ.

அச்சகத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். மகன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். உன்னை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை.

அத்தானிடம் பேசி ஒரு முடிவு செய்திருக்கிறேன். இந்தக் குழந்தை உனக்குத்தான். பெற்று உன் கையில் கொடுத்துவிடுகிறேன். நீ அம்மா, நான் பெரியம்மா. மாட்டேன் என்று சொல்லாதே.

உன் அக்கா

மார்ச் 18

அக்கா,

முதலில் கோபம்தான் வந்தது. கொடுப்பதற்கு அது என்ன மிச்சம் விழுந்த துணியா என்று எழுதினேன். எழுதியதைக் கிழித்துப் போட்டேன். உன் கடிதத்தை இவரிடம் காட்டினேன். படித்துவிட்டு வாசலில் போய் நின்றார். திரும்பி வந்து, "உங்க அக்கா மனசு மாறமாட்டாங்கல்ல?" என்று கேட்டார். அவள் சொன்னால் சொன்னதுதான் என்றேன்.

சரி அக்கா. கொடு.

துணி வெட்டும் மேசையை முன்னறைக்கு நகர்த்திவிட்டோம். உள்ளறையில்தான் காலை வெயில் நன்றாக வரும். இவர் ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துவிட்டார். பஸ் ஓட்டுகிற மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா, டிப்போ முழுக்கச் சொல்லிவிட்டார். தெருவுக்கே தெரிந்துவிட்டது. சட்டை தைக்க வருகிறவர்கள் எல்லாரும் எப்போது என்று கேட்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது. இன்னும் கேட்கட்டும் என்றும் இருக்கிறது.

கனமான காகிதக் கட்டு எதையும் தூக்காதே. உனக்கு என்ன சாப்பிடத் தோன்றுகிறது என்று எழுது.

உன் தங்கச்சி

ஏப்ரல் 30

தங்கச்சி,

பத்திரமாக இருக்கிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று போன தடவை இரண்டு வரி எழுதி ஏமாற்றினேன். இனியும் ஏமாற்றினால் நான் மனுஷியே இல்லை.

குழந்தை அசைகிறது. அச்சகத்தில் தாள்களை அடுக்கும்போது உதைக்கும். நானும் அதோடு பேசுவேன். "உங்கம்மாகிட்ட போகப் போறே" என்றுதான் தினமும் சொல்லிவந்தேன். ஒருநாள் பலமாகத் துள்ளியது. பயந்துபோய், "ஒண்ணுமில்லடா, அம்மா இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

என்னால் கொடுக்க முடியாது.

உனக்காகக் கொடுப்பதாகத்தான் நினைத்தேன். இல்லை. என் உறுத்தல் தீரட்டும் என்று கொடுக்கப் பார்த்திருக்கிறேன். அதற்கு உன்னை ஆசைப்பட வைத்துவிட்டேன். முன்பு நான் ஒன்றும் செய்யாமலே குற்றவாளியாக இருந்தேன். இப்போது செய்துவிட்டு இருக்கிறேன். "வாக்குக் கொடுத்துட்டு இப்படிச் செய்யலாமா?" என்று கேட்ட அத்தான், அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. மாப்பிள்ளை முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

நீ வந்து நேருக்கு நேர் திட்டு. தயவுசெய்து வந்து திட்டு.

அக்கா

மே 17

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தபோது இவர் வேலைக்குப் போயிருந்தார். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிட்டேன்.

வேண்டாமென்று நான்தான் முடிவு செய்ததாக இவரிடம் சொல்லியிருக்கிறேன். "இந்த வயசுல ஒரு கைக்குழந்தையை வச்சுக்கிட்டு என்னால அல்லாட முடியாது, அக்காவுக்கு எழுதிட்டேன்" என்றேன். நம்பிவிட்டார். என்னை அப்படிப்பட்டவள் என்று நம்பிவிட்டாரே என்பதுதான் தாங்கவில்லை. இப்போது சாப்பிட உட்கார்ந்தால் தட்டை மட்டும் பார்க்கிறார். தெருவிலும் அதையேதான் சொன்னேன். கல்நெஞ்சக்காரி என்கிறார்கள். உன்னைச் சொல்வதைவிட அது பரவாயில்லை. உன்னைப் பேச ஆரம்பித்தால், நாளைக்கு அந்தக் குழந்தை இங்கே வரும்போது அதையும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அத்தானிடம் சொல்லி வை, இவரிடம் எதையும் உளறிவிட வேண்டாம் என்று.

உன்மேல் கோபம் இல்லை என்றால் பொய். நீ வைத்துக்கொள்வதற்கு இல்லை. அது உன் குழந்தை. தருகிறேன் என்றாயே, அதற்குத்தான். மூன்று முறையும் கடவுளைத் திட்டித் தீர்த்தேன். இந்த முறை திட்டலாம் என்று பார்த்தால் அந்த இடத்தில் நீ நிற்கிறாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். நல்லபடியாகப் பெற்றெடு. பிறந்ததும் அத்தான் ஒரு வரி எழுதட்டும். மன்னிப்புக் கேட்டு நீ எனக்கு எழுதாதே. எழுதினால் உன்னைத் தேற்றிப் பதில் போட வேண்டியிருக்கும். இந்தத் தடவை என்னால் முடியாது.

தங்கச்சி