கறை நீக்கும் பக்கமும் பெண்கள் ஐக்கியமும்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். வெயில் வேண்டிய நாளில் வெயில் இல்லை. வெள்ளைப் பருத்தியில் மூன்று சதுரம் வெட்டி, மூன்றிலும் மஞ்சள் தடவி வைத்திருக்கிறேன். ஒன்றுக்கு சோப்பு, ஒன்றுக்கு எலுமிச்சை, ஒன்றுக்கு வெறும் வெயில். மூன்றாவது காத்திருக்கிறது. சோதிக்காமல் எழுதுவதில்லை என்று பக்கத்தின் தலைப்பிலேயே போட்டிருக்கிறேன். வேறு வழியில்லை.

சோப்பு போட்டது எதிர்பார்த்தபடி ரத்தச் சிவப்பு. படம் எடுத்தாயிற்று.

வலைப்பூ தொடங்கி பதினோரு மாதம். கறை நீக்குவது பற்றி மட்டும் நாற்பத்திரண்டு பதிவு. பலாப்பால், துரு, பேனா மை, மெழுகுவர்த்தி, மீன் குழம்பு. கான்வென்ட் சலவை வகுப்பில் சிஸ்டர் அகத்தா சொல்லித்தந்தது பாதி, நாற்பத்தாறு வருடக் குடித்தனம் சொல்லித்தந்தது பாதி. பதிவு எல்லாம் ஆங்கிலத்தில். இந்த டைரி மட்டும் தமிழில். ஆங்கிலம் எழுதும்போது முதுகு தானாக நிமிர்ந்துவிடுகிறது. இங்கே சாய்ந்து உட்காரலாம்.

பக்கத்தில் ஒரு கம்பெனி விளம்பரம் போடுகிறது. படிக்க வருகிறவர் அதை அமுக்கினால் எனக்கு ஏதோ கொஞ்சம். முதல் எட்டு மாதம் ஈ ஓட்டினேன். ஏப்ரல் கடைசியிலிருந்து ஏறுமுகம். இந்த மாதம் 21ஆம் தேதி முதன்முதலாக வங்கிக்கு வர வேண்டும்.

நேற்று மகனிடம் சொல்லிவிட்டேன். ஆகஸ்டிலிருந்து எனக்குப் பணம் அனுப்பாதே, சாமு.

"நிஜமாவாம்மா?"

பின்னால் மருமகள் ஷீபாவின் குரல்: "எவ்ளோ வருதுன்னு கேளுங்க. சும்மா சொல்றாங்க."

சும்மா சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

என் கணவர் காலமானபோது நானே ஒப்புக்கொண்ட பேச்சு ஒன்று உண்டு. இந்தக் கிறிஸ்துமஸுக்குள் என் செலவை நானே பார்த்துக்கொள்ளாவிட்டால் இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு எலெக்ட்ரானிக் சிட்டியில் சாமு வீட்டுக்குப் போய்விட வேண்டும். அங்கே எனக்கு ஒரு அறை. பதினான்காம் மாடி. நல்ல அறைதான். காலை ஏழரைக்கு இருவரும் ஆபீஸ் வண்டியில் ஏறினால் ராத்திரிதான் திரும்புவார்கள். போன தடவை மூன்று நாள் தங்கினேன். லிஃப்ட்டைத் தவிர யாரும் என்னிடம் பேசவில்லை.

இந்த வீட்டையும் லிங்கராஜபுரத்தையும் விடுவதாக இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

தூறல். முழங்கால் வலி. மாத்திரை 1.

காலையில் கம்பெனியிலிருந்து கடிதம். கணக்கு முடக்கப்பட்டது. காரணம்: "முறையற்ற அமுக்கல்கள்." நான்கு முறை படித்தேன். ஆங்கிலம் சுத்தமாக இருந்ததால் குழப்பமும் இல்லை. வருமானத்துக்காக யாரோ திட்டமிட்டு விளம்பரங்களை அமுக்கியிருக்கிறார்கள் என்கிறார்கள். அதாவது நான்.

ஒரே ஒரு முறையீடு அனுமதி. ஒன்றே ஒன்று.

எழுபத்திரண்டு வயதில் மோசடிக்காரி. காபி ஆறிப்போயிற்று. மறுபடி சுட வைத்து, மறுபடி ஆற விட்டேன்.

பதினொன்றரைக்கு எஸ்தர், ஊறுகாய் ஜாடியைத் திருப்பித் தர. அடுத்த சந்து. தையல் மிஷின் வைத்திருக்கிறாள். சபையில் பெண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளர். முகத்தைப் பார்த்துவிட்டு "என்னக்கா, யாராவது போய்ட்டாங்களா?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன்.

"தடுத்துட்டாங்களா? ஏன்க்கா? நாங்க ஒழுங்காதானே அமுக்கினோம்!"

நாங்க என்றால் யார்?

ஜாடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். பிறகு எல்லாம் வந்துவிட்டது.

பெண்கள் ஐக்கிய (பெ.ஐ.) வாட்ஸ்அப் குரூப்பில் தினம் காலை ஆறரைக்கு பைபிளிலிருந்து ஒரு வாக்குத்தத்த வசனம் போடுவாள். அதற்குக் கீழே என் பக்கத்தின் லிங்க். அதற்குக் கீழே: "ஆளுக்கு மூன்று தடவை. மறக்க வேண்டாம்." ஈஸ்டர் முடிந்த வாரத்திலிருந்து. முப்பத்தொரு பேர்.

"ஒரு நாள் விட்டதில்லக்கா. மேரி ஆப்பரேஷனுக்குப் படுத்திருந்தப்போகூட ஆஸ்பத்திரில இருந்து அமுக்கினா. ஜெபக் குறிப்புல உங்க இன்டர்நெட் வேலையும் இருக்கு. மழைக்கு அப்புறம் ரெண்டாவது."

எனக்கு எப்படித் தெரியும்? பூக்கொத்துப் படமும் குட்மார்னிங்கும் பொறுக்காமல் பிப்ரவரியிலேயே அந்தக் குரூப்பை விட்டு வந்தவள் நான்.

"நான் கேட்டேனா, எஸ்தர்?"

"கேக்க மாட்டீங்களே! சார் போனப்போ சபையில கவர் குடுத்தோம். அழகா நன்றின்னு ஒரு லெட்டர் எழுதி, கவரையும் வெச்சுத் திருப்பி அனுப்பினீங்க. அரிசி மூட்டை போட்டோம், அதை அநாதை இல்லத்துக்கு ஆட்டோல ஏத்திட்டீங்க. ஆட்டோக்காசும் நீங்களே குடுத்தீங்க. இதைத் திருப்பி அனுப்ப முடியாதில்ல? அதான் பண்ணோம்."

போய்விட்டாள். ஜாடியையும் எடுத்துக்கொண்டே போய்விட்டாள்.

ஜூலை 9, புதன்

பெ.ஐ. கூட்டம். போகவில்லை.

வலைப்பூவின் வருகைக் கணக்கு வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். தினமும் காலை ஆறரையிலிருந்து ஏழு வரை நெட்டுக்குத்தாக ஒரு கோபுரம். பெங்களூர் வாசகர்கள் காலைக் காபியோடு என்னைப் படிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். சாமுவிடமும் அப்படியே சொன்னேன். "உன் அம்மாவைப் படித்துவிட்டுத்தான் ஊர் வேலைக்குப் போகிறது."

ஐயோ.

மதியம் சாப்பாடு: மோர் சாதம். பீன்ஸ் வாங்கி மூன்று நாள். நாளை செய்யாவிட்டால் குப்பை.

கோபம் யார் மேல் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. எஸ்தர் மேல் கொஞ்சம். கம்பெனி மேல் இல்லை, அவர்கள் விதியை அவர்கள் சொன்னார்கள். பதினோரு மாதம் எழுதியதை யாரும் படிக்கவில்லை என்பதுதான் நெஞ்சில் நிற்கிறது. அமுக்கியிருக்கிறார்கள். படிக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

தூறல் இல்லை, வெயிலும் இல்லை.

முறையீடு, முதல் நகல்: "எனக்குத் தெரியாத சிலர்..." கிழித்தேன். முப்பத்தொரு பேரையும் தெரியும். இரண்டு பேருக்குப் பேறுகாலம் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் நகல்: "என் தோழி ஒருத்தியின் தூண்டுதலால்..." இதையும் கிழித்தேன். தூண்டுதல் என்று போட்டால் எஸ்தர் குற்றவாளி ஆகிவிடுகிறாள்.

வேலைக்கு வரும் லக்ஷ்மம்மா கூடையைப் பார்த்து, "ஏனம்மா, இஷ்டு பேப்பர்?" என்றாள். இவ்வளவு காகிதமா என்கிறாள். நாளெல்லாம் நான் எழுதுவதைப் பார்க்கிறவள் அவள் ஒருத்திதான்.

சாமு போன் செய்தான். தண்ணீர் வருகிறதா, மாத்திரை இருக்கிறதா. வருகிறது. இருக்கிறது. கணக்கு முடங்கியதைச் சொல்லவில்லை. வைத்த பிறகு, சும்மா சொல்கிறவர்கள் பட்டியலில் நானும் சேர்ந்துவிட்டேன் என்று பட்டது.

நிறுத்திவிட்டார்கள் என்று உண்மையாக எழுத வேண்டுமானால் முதலில் நிறுத்தச் சொல்ல வேண்டும். போனில் முடியாது. எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

சாம்பல் நிறக் கோட்டா சேலை. கஞ்சி போட்டது. இன்று நிமிர்ந்து நிற்க ஒரு உதவி வேண்டியிருந்தது.

ஆராதனை முடிந்ததும் பெண்கள் மட்டும் ஐந்து நிமிடம் இருக்கும்படி பாஸ்டரம்மாவிடம் கேட்டேன். எஸ்தர் கடைசி பெஞ்சில், என்னைப் பார்க்காமல். நாற்பது பேர் இருக்கும். நன்றி என்று தொடங்கினேன். அதற்கப்புறம் எழுதி வைத்திருந்த சீட்டு பார்வைக்குச் சிக்கவில்லை.

உங்கள் அன்பால் என் கணக்கு நின்றுவிட்டது. தயவுசெய்து இனி யாரும் அமுக்க வேண்டாம். இவ்வளவுதான் வந்தது.

பாஸ்டரம்மா: "சிஸ்டர், இதுல பாவம் ஏதாச்சும் இருக்கா?"

"பாவம் இல்லை. விதிமீறல்."

அவருக்கு நிம்மதி.

ரீட்டா எழுந்தாள். மீன் கடைக்காரர் மனைவி, எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாதவள். "சிஸ்டர், நான் மொத நாள் அமுக்கினது வாஷிங் மிஷினு. அன்னிக்கிலேர்ந்து போனைத் தொறந்தா வாஷிங் மிஷினு. சமையல் பாத்தா வாஷிங் மிஷினு, பாட்டு கேட்டா வாஷிங் மிஷினு. எங்க வீட்டுக்காரரு, யாருடி உனக்கு வாங்கித் தரேன்னு சொன்னதுன்னு சண்டைக்கி வராரு!"

சபை முழுக்கச் சிரிப்பு. நானும். அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன். நான் எழுதியதை யாராவது படித்தீர்களா?

ரீட்டாதான் மறுபடி: "இங்கிலீஷ்ல இருக்குதே சிஸ்டர். நமக்கு எங்க ஓடுது? அமுக்கத்தான் தெரியும்."

குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் சுட்டது. இவர்களோடு முப்பது வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். கறை இவர்கள் வீட்டுத் துணியிலும்தானே.

வாசலில் எஸ்தர் பின்னாலேயே வந்தாள். "கோவமாக்கா?" ஆமாம் என்றேன். "எவ்ளோ நாளைக்கு?" புதன் வரை என்றேன். தலையாட்டினாள்.

ஜூலை 14, திங்கள்

முறையீடு அனுப்பியாயிற்று. பத்து வரி. விதியை நான் படித்திருந்தேன். என் ஆட்கள் படிக்கவில்லை. என் நன்மைக்கென்று ஏப்ரலிலிருந்து தினமும் காலையில் அமுக்கினார்கள். எனக்கு அப்போது தெரியாது. நேற்று நிறுத்தச் சொன்னேன், நிறுத்திவிட்டார்கள். அந்தப் பணம் எனக்கு வேண்டாம். அதைக் கழித்து ஏதாவது மிஞ்சினால் அது என்னுடையது, அதை விட்டுத்தர மாட்டேன்.

"என் ஆட்கள்" என்பதற்கு முதலில் "தெரிந்தவர்கள்" என்று போட்டிருந்தேன். மாற்றினேன்.

பிறகு சாமுவுக்கு. எல்லாம் சொன்னேன், கோபுரம் வரை. சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அப்போ ஆகஸ்ட்டுக்கு நான் அனுப்பறேம்மா."

வேண்டாம் என்றேன்.

"பதில் வரலேன்னா என்னம்மா பண்ணுவீங்க?"

"வரும்."

"கிறிஸ்துமஸ்னு சொன்னது நீங்கதான். ஷீபா ரூமுக்குத் திரைத்துணிகூட பாத்து வெச்சிருக்கா."

என்ன நிறம் என்று கேட்டேன். இளமஞ்சள்.

ஜூலை 16, புதன்

வெயில்! பத்து மணியிலிருந்து நான்கு மணி வரை முழு வெயில். மூன்றாம் சதுரம் வெளுத்துவிட்டது. ஓரத்தில் மட்டும் லேசான நிழல். நேர்மையாகப் போட வேண்டும்.

இந்தப் பதிவைத் தமிழிலும் எழுதினேன். ஆங்கிலத்தில் அரை மணி, தமிழில் மூன்று மணி. ஒவ்வொரு வரியும் ஒன்று பிரசங்கம் மாதிரி அல்லது மருந்துச் சீட்டு மாதிரி. கடைசியில் ரீட்டாவிடம் சொல்வதுபோல் நினைத்துக்கொண்டேன். சரியாக வந்தது.

பெ.ஐ. கூட்டத்துக்குப் போனேன். எஸ்தர் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தாள். ஜாடி திரும்பி வந்தது. உள்ளே எலுமிச்சை ஊறுகாய்.

மாலைக்குள் பதிவின் கீழே ஒன்பது பின்னூட்டம். எட்டு பேர் என் முறை தப்பு என்கிறார்கள்.

"மோர்ல ஊற வெச்சா போதும், எதுக்கு வெயில்?" ரீட்டா.

"ஆறு மணி நேரம் யாரு காவல் காக்கறது? காக்கா இழுத்துட்டுப் போயிடும்." மேரி.

படித்திருக்கிறார்கள். வரிவரியாக.

நான்காவது சதுரம் வெட்டினேன். மோரில் போட்டிருக்கிறேன். பார்ப்போம்.

ஜூலை 18, வெள்ளி

பதில் இல்லை. கேஸ் சிலிண்டர் வந்தது. கண் டாக்டர்: அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

மோர்ச் சதுரம்: பரவாயில்லை. பரவாயில்லைக்கு மேலேயே. ரீட்டா பெயரைப் போட்டுத் திருத்தம் வெளியிட்டேன். ஐந்தாவது நிமிடம் போன். "சிஸ்டர், எம் பேரு இன்டர்நெட்ல வந்திருக்கு!" பின்னால் அவள் கணவர்: "வாஷிங் மிஷின் கேட்டியா?"

ஜூலை 21, திங்கள்

மேகமூட்டம். காலை 9.10க்கு கம்பெனியின் பதில். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திறந்தேன்.

கணக்கு மூடப்படவில்லை. ஆகஸ்ட் எட்டு வரை தடை, பிறகு மறுபடி விளம்பரம் வரும். முறையற்ற அமுக்கல்களுக்கு உரியது முழுதும் கழிக்கப்பட்டது. மிச்சம் ஆயிரத்து இருநூற்று அறுபது ரூபாய். வங்கிக்கு அனுப்பும் அளவை எட்டாததால் கணக்கிலேயே இருக்கும்.

ஆக இன்று பணம் இல்லை. அடுத்த மாதமும் இல்லை. கிறிஸ்துமஸுக்குள்ளும் இருக்காது.

ஆனால் ஆயிரத்து இருநூற்று அறுபது. யாரும் சொல்லாமல், வசனம் வராமல், எங்கேயோ உட்கார்ந்து கறையைப் பற்றித் தேடி வந்தவர்கள். எத்தனை பேர் என்று தெரியவில்லை. நிஜமானவர்கள்.

கேசரி செய்யலாம் என்று நினைத்து, ரவை இல்லாததால் விட்டேன்.

ஒரு மணிக்கு, சாமுவின் சாப்பாட்டு நேரம் பார்த்து, நானே கூப்பிட்டேன். தொகையைச் சொன்னேன். பைசா சுத்தமாக.

"சரிம்மா. இப்போ என்ன பண்ணலாம்?"

"ஹலோ? அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

இருக்கிறேன் என்றேன். பிறகு: ஆகஸ்டுக்கு அனுப்பு. கிறிஸ்துமஸ் என்று நான் சொன்னது போதாது, அடுத்த கிறிஸ்துமஸ் வரை வேண்டும். கேட்கிறேன்.

கேட்கிறேன் என்ற சொல் வாயில் புதிதாக இருந்தது.

"முழுசா அனுப்பவாம்மா?"

"பாதி."

"பாதியில எப்படிம்மா..."

"பாதி போதும். நீ மேலே ஒரு ரூபாய் போட்டாலும் திருப்பி அனுப்புவேன்."

"தெரியும்மா," என்றான். "பாதி. அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும். ஷீபாகிட்ட நான் பேசிக்கறேன்." குரல் கொஞ்சம் அடைத்த மாதிரி இருந்தது. சளி பிடித்திருக்கும். அந்த ஆபீஸில் ஏசி அதிகம்.