வியாழனில் கால் ஊன்ற இடமில்லை

மார்ச் 3

கோளரங்கத்தில் வியாழன் காட்சிக்கு இனி நான்தான் விளக்கம் சொல்ல வேண்டுமாம். சொல்லிக்கொண்டிருந்தவர் ஊர் மாறிப் போய்விட்டார். கூடத்தில் பகல் வெளிச்சத்தில் பொம்மைக் கோள்களைக் காட்டிக்கொண்டிருந்தவளுக்கு இருட்டும் மைக்கும். அக்காவுக்கு ஒரே சிரிப்பு. "படி இறங்கவே கைப்பிடி தேடுற ஆளு நீ. வியாழனுக்கு ஊரையே கூட்டிட்டுப் போகப்போறியா?"

மார்ச் 5

ஒத்திகை. முதல் பாதி ஒழுங்காகப் போனது. கோள்களிலேயே பெரியது, பூமி மாதிரி ஆயிரத்துக்கு மேல் உள்ளே போடலாம், பத்து மணி நேரத்தில் ஒரு நாள் முடிந்துவிடும், அதில் சுழலும் சிவப்புப் புயல் ஒன்றே நம் பூமியை விழுங்கிவிடும் — இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

பிறகு வியாழனுக்குள் விழும் காட்சி. கூரை முழுக்க மேகம் மேலே ஏறுகிறது. நாற்காலியோடு நான் கீழே போகிறேன். போய்க்கொண்டே இருக்கிறேன். தரை என்று ஒன்று வந்தால்தானே! லைட்டைப் போடச் சொல்லிக் கத்திவிட்டேன்.

மேலாளர் ஓடி வந்தார். "சும்மா படம்மா. இதுக்குப் போயா பயம்? முதல் காட்சியிலயும் இப்படின்னா, யாரையாவது வெச்சுக் குரலைப் பதிவு பண்ணிப் போட்டுக்குறேன்."

மார்ச் 6

பயமாக இருக்கிறது. நாளைக்கு முதல் காட்சி.

மார்ச் 7, காலை

எழுத்தெல்லாம் கோணல். மறுபடி பொம்மைகளிடமே போனால் என்ன குறைந்துவிடும்? குறையும். அந்த மைக் எனக்கு வேணும். ஐயோ, வேணும்!

மாலை

அரங்கு நிறைந்திருந்தது. மேகம் ஏறத் தொடங்கியதும் மனப்பாடம் செய்ததில் ஒரு வரியும் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் தரையில் அழுத்தினேன். சில்லென்று இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எல்லாரும் செருப்பைக் கழட்டிட்டுக் காலைக் கீழ அழுத்துங்க. தரை தெரியுதா? வியாழன்ல இது கிடையாது. இறங்க இறங்க வாயுதான். அழுத்தம் ஏறிக்கிட்டே போய் நம்மள நசுக்கிடும், ஆனா நிக்க ஒரு இடம் வராது. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. இருட்டில் செருப்புகள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. மீதியையும் சொல்லி முடித்தேன். எப்படி என்று தெரியவில்லை.

மார்ச் 10

குரல் பதிவுக்கு வரச் சொல்லியிருந்தவரை மேலாளர் திருப்பி அனுப்பிவிட்டார். மாலைக் காட்சிக்கு வந்து என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மேகம் ஏறத் தொடங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஷூவைக் கழற்றும் சத்தம் கேட்டது.