தலையணை உறைக்குள் இருக்கும் கணினி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே உடம்பளவில் எல்லாரும் சௌக்கியம். அங்கே புழுதிக் காற்று அடங்கி, உங்கள் இருமலும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். உங்களோடு வேலை பார்க்கும் வெல்டர் தம்பி விடுமுறை முடிந்து நாளை கிளம்புகிறார். 'அண்ணனுக்கு ஏதாவது குடுத்து விடணும்னா குடுங்க' என்று வந்து நின்றார். உங்கள் அத்தை ஒரு பொட்டலம் கட்டினாள். நான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'போன் இருக்கறப்ப கடிதாசி எதுக்கு? எழுதறதுதான் எழுதறீங்க, அவருக்குப் பாடம் நடத்தாம எழுதுங்க' என்றாள். உதாரணம் இல்லாமல் எனக்குப் பேச வராது என்பது அவளுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று போனில் பேசினால் சமையலறை வரை கேட்கிறது. அதனால்தான் காகிதம்.

வாண்டுக்கு முன்பல் விழுந்துவிட்டது. நீங்கள் வருவதற்குள் புதுப்பல் முளைத்துவிட்டால் ஓட்டையைக் காட்ட முடியாதே என்று அவளுக்குக் கவலை. முளைக்க விடாமல் நாக்கால் தடவிக்கொண்டே இருக்கிறாள். உங்கள் அத்தையின் முழங்கால் முன்னைவிடப் பரவாயில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். படிக்கட்டு கட்டியது நானில்லை என்று சொல்லிப் பார்த்துவிட்டேன்.

மகள் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போகிற நேரத்துக்கே எழுந்துகொள்கிறாள். குளித்து, தலை வாரி, புடவையின் மடிப்பு சரியாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்க்கிறாள். அதற்குப் பிறகு போவதற்கு இடமில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பழைய பாடப்புத்தகத்தில் ஏதாவது குறிக்கிறாள். அழுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என்னிடம் இரண்டு விஷயம் சொன்னீர்கள். ஒன்று, கவனக்குறைவு தன் பேரில்தான் என்று வழக்கில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடும்படி அவளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது. இன்னொன்று, அலமாரி மேலே இருக்கும் உங்கள் பழைய லேப்டாப்பை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னது. வரிசையாகவே பதில் எழுதுகிறேன்.

அன்றைக்கு நடந்ததை நீங்கள் போனில் துண்டு துண்டாகத்தான் கேட்டிருப்பீர்கள். அதனால் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்புக்குச் செரிமானப் பாடம். வயிறு, குடல் படங்களையெல்லாம் வீட்டில் தயார் செய்து பென் டிரைவில் போட்டு எடுத்துப் போயிருந்தாள். வகுப்புக் கணினியில் செருகியதும் இரைப்பை வந்தது. அடுத்த படத்துக்குத் தட்டினாள். சுவரில் இருக்கும் பெரிய திரையில் வரக் கூடாத படம் வந்தது. அதை மூடினால் இரண்டு, இரண்டை மூடினால் நாலு. பிள்ளைகள் முதலில் சிரித்தார்களாம், பிறகு சத்தமே இல்லையாம்.

நிறுத்திவிடலாமே என்று எல்லாரும் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் முன்னே ஒரு கணினி திருட்டுப் போயிருக்கிறது. அதிலிருந்து எல்லாக் கணினிப் பெட்டியையும், அதன் பிளக், சுவிட்ச், பெரிய திரையின் சுவிட்ச் எல்லாவற்றோடும் சேர்த்து, இரும்புக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். பென் டிரைவ் செருகும் வாய் மட்டும் கம்பி இடுக்கு வழியாகக் கைக்கு எட்டும். காலையில் ஆபீஸ் கிளார்க் வந்து திறந்து, போட்டுவிட்டு, மறுபடி பூட்டிக்கொண்டு போவார். சாவி அவர் இடுப்பில். அவர் அப்போது வங்கிக்குப் போயிருந்தார். மகள் பிள்ளைகளை வெளி வராந்தாவுக்கு அனுப்பிவிட்டு, மேசை மேல் ஏறி, சுவரில் இருந்த உலகப் படத்தைக் கழற்றித் திரையின் மேல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கிளார்க் வந்து பார்த்தபோதும் அப்படியேதான் நின்றாளாம். 'டீச்சர், இறங்குங்க, அணைச்சிட்டேன்' என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் இறங்கினாளாம்.

பெட்டி வெளியே போய்விடக் கூடாது என்பதற்கு அவ்வளவு பெரிய பூட்டு. உள்ளே என்ன வருகிறது என்று பார்க்க ஆள் இல்லை. வைரஸ் தடுக்கும் மென்பொருளின் காலக்கெடு எப்போதோ முடிந்துவிட்டதாம். தினமும் காலையில் திரையின் மூலையில் ஒரு மஞ்சள் பெட்டி வந்து, புதுப்பிக்கச் சொல்லுமாம். அதில் 'பிறகு' என்று ஒரு பொத்தான். கரும்பலகை துடைப்பது, தேதி மாற்றுவது, 'பிறகு' அமுக்குவது, இந்த மூன்றும் வகுப்புத் தலைவியின் வேலை. பிள்ளைகள் அதற்கு மஞ்சள் மாமா என்று பெயர் வைத்திருந்தார்கள். 'டீச்சர், மஞ்சள் மாமா வந்துட்டாரு' என்றால், 'போகச் சொல்லு' என்பாளாம் நம் மகள்.

ஒரு பிள்ளையின் அம்மா புகார் கொடுத்துப் போலீஸ் விசாரித்தபோது, அதை அவளே அவர்களிடம் சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று நம் வழக்கை நடத்தும் வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். என்னைக் கேட்டால், அந்த ஒரு கேள்விக்கு என் மகளுக்கு நான் மதிப்பெண் போட மாட்டேன். எச்சரிக்கை கண் முன்னால் வந்து நிற்கிறது, அதைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாக்கியது தப்பு. புகார் கொடுத்த அம்மாவையும் நான் குறை சொல்லவில்லை. அவருடைய பிள்ளை அந்த வகுப்பறைக்குள் இன்னும் போக மாட்டேன் என்கிறானாம். எந்தத் தாயும் கேட்பாள்.

ஆனால் பொறுப்பு யாருடையது என்று கேட்டால், ஒவ்வொருவரும் பந்தை அடுத்தவர் கைக்குத் தள்ளுகிறார்கள். புதுப்பிக்கச் சொல்லி எழுதிவிட்டேன் என்கிறார் தலைமையாசிரியை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றுதான் சொன்னோம், முடியாது என்று சொல்லவில்லையே என்கிறது நிர்வாகம். ஒப்பந்தம் முடிந்த பிறகு எங்களை எதற்குக் கேட்கிறீர்கள் என்கிறது கம்பெனி. கடைசியில், யார் தொட்டபோது நடந்ததோ அவரே பொறுப்பு என்று ஆகிவிட்டது. பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை. எலி விழுந்து செத்துக் கிடக்கிறது. குழாயைத் திறந்த டீச்சரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். வக்கீலம்மாவிடம் இந்த உதாரணத்தைச் சொன்னேன். 'நல்லாத்தான் இருக்கு சார், ஆனா எலியைக் கொண்டுவந்து போட்டதே டீச்சர்தான்னு அவங்க சொல்றாங்களே' என்றார்.

அவர்கள் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பென் டிரைவைச் சோதித்திருக்கிறார்கள். அந்தப் படங்களைக் கொண்டுவந்த வைரஸ் கிருமி அதில் ஏறிய தேதி தெரிந்துவிட்டது. அது பள்ளிக்கூட விடுமுறை நாள். கட்டடமே பூட்டிக் கிடந்திருக்கிறது. அன்றைக்கு வேறு எந்தக் கணினியில் செருகினீர்கள் என்று கேட்டதற்கு, ஞாபகம் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். வேறு கணினியே இல்லையென்றால், தெரிந்தே எங்கிருந்தோ ஏற்றிக்கொண்டு வந்தாள் என்று ஆகிறது. வக்கீலம்மா என் முன்னாலேயே அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். 'நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா. ஒரு இடத்தைச் சொன்னா, தெரியாம ஒட்டிக்கிட்டு வந்ததுன்னு நான் காட்டிடுவேன். பள்ளிக்கூடத்துல தடுப்பு இருந்திருந்தா அங்கேயே நின்னிருக்கும்னு நிர்வாகத்தையும் கூண்டுல ஏத்திடுவேன்' என்றார். இவள் தரையைப் பார்த்துக்கொண்டு, 'ஞாபகம் இல்லைங்க' என்றாள்.

முதல் வருஷம் தன்னிடம் படித்த பிள்ளைகளின் பெயரையெல்லாம் வருகைப் பதிவு வரிசையில் சொல்லக் கூடியவள் அவள். உங்களுக்கும் சொல்லிக் காட்டியிருக்கிறாள்.

கையெழுத்துப் போட்டால் சிறிய அபராதத்தோடு வழக்கு முடிந்துவிடும் என்று நீங்கள் சொன்னது சரிதான். நானும் விசாரித்தேன். அதோடு அவளுடைய ஆசிரியர் பதிவும் ரத்தாகும். இந்த ஊரிலோ வேறு ஊரிலோ இனிமேல் ஒரு வகுப்புக்குள் அவள் கால் வைக்க முடியாது. இதை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நான் அவளிடம் எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை மாப்பிள்ளை. 'அவர் ஒரு வார்த்தை சொன்னா போட்டுடறேன்ப்பா' என்று அவளே சொல்லிவிட்டாள். நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்கவில்லை. அதனால்தான் இதை அவளிடம் பேசாமல் உங்களுக்கு எழுதுகிறேன். மாதக் கடைசியில் விசாரணை. அதுவரைக்கும்தான் அவகாசம்.

இனி இரண்டாவது விஷயம். லேப்டாப்பை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

அந்த விடுமுறையின்போது நீங்களும் அந்த லேப்டாப்போடு ஊருக்கு வந்திருந்தீர்கள். நாங்களும் இங்கே இருந்தோம். மகள் சாப்பாட்டு மேசையில் அதை வைத்துக்கொண்டு குடல் படம் வரைந்தது எனக்கு நினைவிருக்கிறது. 'பெருங்குடல் இவ்வளவு அழகாவா இருக்கும்?' என்று நீங்கள் கேலி செய்தீர்கள். 'உங்க குடலைப் பார்த்துத்தான் வரைஞ்சேன்' என்று அவள் சொன்னாள். மறுநாள் ரயில் நேரம் பார்ப்பதற்காக நான் அதைத் திறந்தபோது, நான் தட்டாமலேயே ஒரு படம் வந்தது. மூடினேன், இரண்டு வந்தது. பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்து, 'அது சும்மா வரும் மாமா, மூடியைச் சாத்திடுங்க' என்றீர்கள். சாத்திவிட்டேன். அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

இப்போது அதை அவள் ஒரு தலையணை உறைக்குள் போட்டு, உறையின் வாயைத் தைத்து, அலமாரி மேலே வைத்திருக்கிறாள். தினமும் தூசி தட்டுகிறாள். திறப்பதில்லை. உங்கள் அத்தை, 'தலகாணி உறைக்கு எதுக்குடி தையல்?' என்று கேட்டதற்கு, பூச்சி போகாமல் இருக்க என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, என் மகள் அதைத் தலையணை உறையில் மறைத்திருக்கிறாள். கொடுத்துவிடச் சொன்னீர்கள் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் முகம் எப்படி ஆகும் என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வக்கீலம்மாவிடம் பொதுவாகக் கேட்டு வைத்தேன். ஒருவர் வீட்டுக் கணினிக்குக் கிருமி வந்திருக்கிறது, அவருக்கே தெரியாமல் அது இன்னொருவரிடம் ஒட்டிக்கொண்டு போய்விட்டது, சட்டம் அவரை என்ன செய்யும் என்று கேட்டேன். ஒன்றும் செய்யாது, காய்ச்சல் வந்தவனை யாராவது ஜெயிலில் போடுவார்களா என்றார். பிறகு, 'சார், உதாரணம் சரி, ஆள் யாரு?' என்றார். நான் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்கள் வேலை நிரந்தரமாகிற நேரம் இது. வழக்கில் பெயர் அடிபடக் கூடாது என்று நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கிருமி எந்த வழியாக வந்தது என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சமும் இருக்கலாம். என் வயதில் ஒருவர் அதைக் கேட்கப் போவதில்லை. அவளும் கேட்கவில்லை, இத்தனை நாளில் ஒரு முறைகூட. தனியாக வெளியூரில் கிடக்கிற மனிதனுக்கு ஆயிரம் பொழுது இருக்கும். அது உங்கள் சொந்த விஷயம். அதில் உங்களுக்கு வருவது கொஞ்ச நாள் தலைகுனிவு, அவ்வளவுதான். அவளுக்குப் போவது வகுப்பறை.

நான் வேலையில் இருந்தபோது, வகுப்பில் ஏதாவது உடைந்தால் யார் என்று கேட்க மாட்டேன். கேட்டால் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுப்பார்கள், இல்லையென்றால் யாராவது ஒரு நல்ல பிள்ளை தான் செய்ததாகச் சொல்லி எழுந்து நிற்கும். அந்த இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்காது. அதனால் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று ஒரு கணக்கை எழுதிக்கொண்டிருப்பேன். பெரிய கணக்காகப் பார்த்து எழுதுவேன். முடித்துவிட்டுத் திரும்பும்போது, அநேகமாக எழுந்து நிற்க வேண்டியவன் எழுந்து நின்றிருப்பான். உட்காரச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடருவேன். அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்பது என் வகுப்பில் சட்டம். இந்த வீட்டிலும் அதே சட்டம்தான்.

விசாரணையில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டால் பொய் சொல்ல எனக்கு வராது. ஆனால் நான் சொல்லி அது வெளியே வந்தால், அவள் என்னை மன்னிக்க மாட்டாள். உங்களையும் பிறகு எப்படிப் பார்ப்பாள் என்று தெரியவில்லை. நீங்களே சொன்னால் மன்னிப்பதற்கு அவளுக்கு ஒன்றும் இருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வர முடியாவிட்டால்கூடப் பரவாயில்லை, வக்கீலம்மாவின் எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். வந்தால் வாண்டின் பல் ஓட்டையையும் பார்த்துவிடலாம்.

பொட்டலத்தைப் பிரிக்கும்போது பார்த்துப் பிரியுங்கள், அத்தை முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டிருக்கிறாள். இருமலுக்கு மருந்தும் உள்ளே இருக்கிறது. நீங்களும் உங்கள் குடும்பமும் ஒரே கூரைக்குக் கீழே நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். அதைத் தவிர இந்தக் கிழவனுக்கு வேறு ஆசை இல்லை.

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கிறேன், மாப்பிள்ளை. கணக்கு கொஞ்சம் பெரியதுதான்.

என்றும் அன்புடன்,
உங்கள் மாமா