காலண்டர் மறைத்த ஓட்டை

நவம்பர் 3, திங்கள்

இன்றைக்கும் மெஷின் கிளம்பியபோது காபி சிந்திவிட்டது. மூன்று வருடமாகிறது, என் கை இன்னும் அந்தச் சத்தத்துக்குப் பழகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் என் தம்பி வெண்டல் மரச்சட்டங்களைச் செதுக்கும் மோல்டரை ஓட்டுகிறான். இந்தப் பக்கம் நான், அலமாரிகள் வரையும் கம்ப்யூட்டர் முன்னால். நடுவே வெறும் பலகைச் சுவர். அதில் என் தலை உயரத்துக்கு ஒரு ஓட்டை. ஓட்டையின் மேல் டிராக்டர் கம்பெனி காலண்டர்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள், மோல்டரில் சுழலும் உருளையிலிருந்து கழன்ற கத்தி அந்த வழியாகத்தான் வந்தது. நாற்காலியின் முதுகைக் கிழித்துவிட்டுப் போனது. நான் காபி எடுக்கப் போயிருந்தேன். அதற்கு வெண்டல் செய்த ஒரே காரியம் காலண்டர் மாட்டியதுதான். தினமும் மெஷினைப் போடுமுன் சுவரைத் தட்டி, “அக்கா, உயிரோட இருக்கியா?” என்று கத்துகிறான். பதிலுக்குக்கூட நிற்பதில்லை, சுவிட்சைத் தட்டிவிடுகிறான். பெரிய ஜோக்!

நவம்பர் 4, செவ்வாய்

மிசஸ் ஹாஸ்கின்ஸ் வந்தார். அவர் வீட்டுச் சாப்பாட்டு அறையில் தீப்பிடித்ததில் ஒரு பக்கத்துக் கிரவுன் சட்டம் கருகிவிட்டது. சுவரும் கூரையும் சேரும் மூலையில் ஓடுமே, அந்த வளைவுச் சட்டம். மிஞ்சிய ஒரு துண்டைக் குழந்தையைப் போலத் துவாலையில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்.

“அச்சு அசலா இதே மாதிரி வேணும். கிறிஸ்துமஸுக்கு மாமியார் வராங்க. பழசு எது புதுசு எதுன்னு அவங்க கண்டுபிடிச்சிட்டா என் கதை முடிஞ்சுது.”

துண்டின் ஓரத்தைக் காகிதத்தில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஏற்றியதும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை அளந்து பார்த்தேன். அவ்வளவு ஆழமான வளைவு. ஒரே சட்டமாகச் செதுக்கினால், கத்தி உருளைக்குள் பிடிபட்டிருப்பதைவிட வெளியே நீட்டிக்கொண்டிருப்பது அதிகமாகிவிடும், உடைந்து தெறிக்கலாம். அதற்கு நேர் எதிரே நிற்பவன் வெண்டல்.

“ரெண்டு துண்டாப் பண்ணலாம்டா.”

“ஒட்டு தெரியும். அந்தம்மா நம்மள உரிச்சு உப்பு தடவிடும். ஒரே சட்டமா மெதுவா விட்டா ஒண்ணும் ஆகாதுக்கா. நீ படத்தை வரை, பயப்படுறத என்கிட்ட விட்டுடு.”

நவம்பர் 7, வெள்ளி

வெள்ளிக்கிழமை வழக்கம்போல எல்லோரும் ஊர் ஓட்டலுக்கு மீன் வறுவல் சாப்பிடப் போனோம். மேஜை முழுக்க மான் வேட்டைப் பேச்சுதான். இருபத்திரண்டாம் தேதி சீசன் ஆரம்பம். அதற்கு முன்னால் ஹாஸ்கின்ஸ் வேலையை முடித்துவிடுவேன் என்கிறான் வெண்டல். நீளமான கத்தியைப் பற்றி மெல்ல எடுத்தேன். அவன் மனைவி ஜோலீன் பிராந்திக் கிளாஸை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“ஆர்லீன், நீங்க ரொட்டி வாட்டுற மெஷினுக்கே பயப்படுற ஆளு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மீனைத் தட்டிலேயே விட்டுவிட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வளைவு முடிகிற இடத்தில் கூர்மையாக ஒரு பள்ளம் இருக்கிறது. எப்போதும் நிழல் விழும் இடம். அங்கேயே சட்டத்தை இரண்டாகப் பிரித்தேன். கீழ்ப்பட்டைக்கு ஏற்கெனவே இழுப்பறையில் கத்தி இருக்கிறது. மேல் சட்டத்துக்குக் குட்டையான புதுக் கத்தி போதும். ஒட்டு அந்த நிழலுக்குள் ஒளிந்துகொள்ளும்.

எல்லா வடிவங்களையும் சேர்த்து வைக்கும் பொதுத் தொகுப்பில் பழைய வடிவத்தை அழித்து, அதே பெயரில் புதியதைச் சேமித்தேன். பிறகு ஹாஸ்கின்ஸ் வேலைக்கான கோப்பைத் திறந்து, படம் பார்த்துக் கத்தி செய்துதரும் கிளெனுக்கு அதிலிருந்த படத்தை அனுப்பினேன்.

வெண்டலிடம் ஏன் சொல்லவில்லை? சிரிப்பான், அதனால்தான். கத்தி வரட்டும், கையில் கொடுத்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம்.

நவம்பர் 11, செவ்வாய்

நேற்று நன்றாகத் தூங்கினேன்.

நவம்பர் 19, புதன்

பல் டாக்டரிடம் போய்த் திரும்புவதற்குள் கிளெனின் ஆள் கத்தியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். வெண்டல் வாங்கி மெஷினில் மாட்டியும் வைத்துவிட்டானாம். விசிலடித்துக்கொண்டு லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான். கத்தி குட்டையாக வந்ததற்குச் சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். ஒன்றும் காணோம். தாடை மரத்திருந்தது, எனக்கும் பேச முடியவில்லை. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.

நவம்பர் 20, வியாழன்

எழுத்து கோணுகிறது. இருந்தாலும் எழுதணும்.

காலையில் சுவரைத் தட்டினான். உயிரோட இருக்கியா. மெஷின் ஓட ஆரம்பித்தது. நான் ஹாஸ்கின்ஸ் அறைப் படத்தில் கீழ்ப்பட்டையைச் சேர்த்தேன். பட்டையைக் காணோம். மறுபடி சேர்த்தேன். காணோம். படத்தைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் — கிரவுன் சட்டத்துக்குள்ளே புதைந்து கிடக்கிறது. ஏன் புதையணும்? அங்கே வெற்றிடம்தானே இருக்கணும்?

அப்போதுதான் உறைத்தது. கம்ப்யூட்டரில் ஒரு வேலைக்குக் கோப்பு தொடங்கும்போதே அது வடிவத்தை நகலெடுத்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும். அப்புறம் பொதுத் தொகுப்பில் என்ன மாற்றினாலும் அதற்குத் தெரியாது. நாமே போய்ப் புதுப்பிக்கணும். புது ஆட்களுக்கு நானே படித்துப் படித்துச் சொல்கிற விஷயம்! அறைக்குள்ளிருந்து பார்க்கும் படத்தில் ஒரே சட்டமும் ஒட்டிய இரண்டு துண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், அதனால் கண்ணிலும் படவில்லை. கிளெனுக்குப் போனது பழைய படம். மெஷினில் இருப்பது நீளமான கத்தி.

ஓடினேன். கத்தினேன். காதில் அடைப்பான் போட்டிருந்தான், முதுகை எனக்குக் காட்டி, உருளைக்கு நேர் எதிரே, வெளியே வரும் சட்டத்தைக் குனிந்து இழுத்துக்கொண்டு — கடவுளே, நேர் எதிரே. கிட்டே போகக் கால் வரவில்லை. பொய் எதற்கு, வரவில்லை. வாசலில் இருந்த மெயின் சுவிட்சை இழுத்தேன். பட்டறையே இருட்டானது. உருளை நிற்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது!

“பைத்தியமா உனக்கு? சட்டம் பாதியில மாட்டிக்கிச்சு பாரு!”

“அந்தக் கத்தி வேண்டாம்டா. தப்பாப் போச்சு. நான் குட்டையா மாத்தியிருந்தேன்டா...”

“மாத்தினியா? நீளமா வந்ததைப் பார்த்து, கடைசியில நீ என் வழிக்கு வந்துட்டேன்னு நினைச்சேன்.” மாட்டிய சட்டத்திலிருந்து கையை எடுத்தான். “சந்தோஷப்பட்டேன்க்கா.”

கத்தியைக் கழற்றிச் சன்னல் பக்கம் கொண்டுபோனான். அடியில் முடி மாதிரி ஒரு கோடு. கட்டைவிரல் நகத்தை அதன்மேல் ஓட்டினான். நகம் மாட்டியது. மறுபடி ஓட்டினான். மறுபடியும் மாட்டியது. விரிசல்.

வெளியே போய், லாரியில் சாய்ந்து நின்றான். கோட்டுகூடப் போடவில்லை. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? சிரித்தால் சிரித்துவிட்டுப் போகிறான். சிரிப்புக்குப் பயந்து அவனைக் கொல்லப் பார்த்தேனே!

நவம்பர் 21, வெள்ளி

சரியான படத்தைக் கிளெனுக்கு அனுப்பினேன். நாலு தடவை திறந்து பார்த்து அனுப்பினேன். வெண்டல் இன்று சுவரைத் தட்டவில்லை.

நவம்பர் 22, சனி

ஜோலீன் போன் செய்தாள். “வெண்டல் காட்டுக்குப் போகல. வேட்டைக்குப் போடுற ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கிட்டு, துப்பாக்கியை மாட்டின இடத்துலயே விட்டுட்டுப் பட்டறைக்குப் போயிருக்காரு. கல்யாணம் ஆனதுலேருந்து சீசன் முதல் நாள் இவர் வீட்டுப் பக்கம் இருந்ததே இல்ல. உங்க ரெண்டு பேருக்கும் என்னதான் ஆச்சு?”

ஒன்றுமில்லை என்றேன். போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பட்டறையில் அவரவர் பங்கைப் பிரித்துக்கொள்ளலாம் என்பானோ?

நவம்பர் 24, திங்கள்

என் மேஜை பழைய இடத்தில் இல்லை.

கம்ப்யூட்டர், வரைபடங்கள், காபிக் கோப்பை எல்லாம் அறையின் அடுத்த கோடிக்குப் போய், வடக்கு சன்னலுக்குக் கீழே ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. காலண்டரைக் காணோம். அந்த இடத்தில் சுவர் முழுக்க இரும்புத் தகடு. ஒவ்வொரு ஆணியும் நேராக அடித்திருந்தது.

“இங்க வெளிச்சம் நல்லா இருக்கும்னுதான்,” என்றான், என்னைப் பார்க்காமல்.

வடக்கு சன்னலை முழுக்க பைன் மரம் அடைத்துக்கொண்டு நிற்கிறது. பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியிருக்கிறது.

“ஆமாடா, நல்ல வெளிச்சம்,” என்றேன்.

டிசம்பர் 12, வெள்ளி

ஹாஸ்கின்ஸ் வீட்டில் சட்டம் மாட்டியாயிற்று. அந்தம்மா ஏணியில் ஏறி டார்ச் அடித்து ஒட்டைத் தேடினாராம், கிடைக்கவில்லை.

காலையில் அடுத்த வேலைக்கு வெண்டல் கத்தி மாட்டினான். முதலில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். பார்த்தேன், சரி என்றேன், என் இடத்துக்கு வந்தேன். தகட்டில் டங்கென்று தட்டினான்.

“அக்கா, உயிரோட இருக்கியா?”

கோப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மெஷின் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை? மறுபடி தட்டினான்.

“அக்கா?”

“இருக்கேன்டா.”

அதற்கப்புறம்தான் ஓடியது.