ஏழாம் எண் சுவரில் சாம்பல் பூசப்பட்ட வால்

அனுப்புநர்:
ஒட்வார் க்வாம்,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
மீன்பிடிச் சங்கத் துணைத் தலைவர்,
சுவரோவியக் கூட்டுக்குழுவின் தலைவர் மாதிரி,
14, மில் வீதி, மேற்குக் கரை,
ஸ்டென்வோல், நார்வே.

பெறுநர்:
திரு. ஹால்வார் ட்வைட் அவர்கள்,
தலைவர், பண்பாடு மற்றும் பூங்காத் துறை,
ஸ்டென்வோல் நகராட்சி.

பொருள்: ஆற்றோர நடைபாதை, ஏழாம் எண் சுவர் – சால்மன் மீனின் வாலுக்கு அனுமதி வேண்டியும், ஓவியர் செல்வி சுன்னிவாவிடமிருந்து மற்ற ஆறு சுவர்களைப் பறிக்காதிருக்க வேண்டியும்.

பார்வை: தங்கள் துறையின் மே 2ஆம் தேதிக் கடிதம் (நான் நான்கு முறை படித்தது).

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஏழாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திக்கொண்டவன். பள்ளிதான் என்னை நிறுத்தியது என்று என் அக்கா சொல்லித் திரிவார். அதைத் தாங்கள் நம்ப வேண்டாம். முப்பத்தொரு வருடம் இந்த ஊரில் பேருந்து ஓட்டி, ஒரே ஒரு கடமானைத் தவிர எதன் மீதும் மோதாதவன். அந்தக் கடமானும் விளக்குப் போடாமல் குறுக்கே வந்தது. ஆகவே இம்மனுவில் எழுத்துப்பிழை இருந்தாலும் பொய் இருக்காது. எண்ணிக்கைகள் மட்டும் கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

2. பழைய நூற்பாலைக்குக் கீழே நாற்பது மீட்டர் நீளத்துக்கு நிற்கும் அந்தக் கல்சுவரைக் கொடுத்தது தங்கள் துறை. வண்ணம் கொடுத்தது குடியிருப்போர் சங்கம். சாரம் கொடுத்தது பள்ளி பேண்டு வாத்தியக் குழுவின் பெற்றோர்கள். அறிவு கொடுத்தது எங்கள் மீன்பிடிச் சங்கம். சுவர் நீளத்துக்கும் ஒரே ஒரு சால்மன் மீன் என்ற யோசனை என்னுடையது. இப்படி நான்கு தரப்பும் சேர்ந்து குளிர்காலம் முழுக்க ஒன்பது கூட்டம் போட்டோம். ஒன்றில்கூட சண்டை வரவில்லை. யாருக்கு எது பிடிக்காவிட்டாலும் தலையாட்டிவிட்டு இன்னொரு காபி ஊற்றிக்கொண்டார்கள். மீனின் வயிற்றுக்குள் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியம் வந்து சேர்ந்தது அப்படித்தான். வாத்தியக் குழு கேட்டது, யாராலும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. எங்கள் சங்கத் தலைவர் அர்ன்ஃபின் மட்டும் முதுகில் உள்ள சின்னத் துடுப்புக்காக வாய் திறந்தார். "அது இல்லன்னா சால்மன் இல்லம்மா, செருப்பு" என்றார் ஓவியரிடம். துடுப்பு போடப்பட்டது.

3. இனி ஓவியர் சுன்னிவா. என் அக்கா மகள்தான். அதற்காக நான் பேசவில்லை, அவள் யார் மகளாக இருந்தாலும் பேசியிருப்பேன், கொஞ்சம் மெதுவாகப் பேசியிருப்பேன். ஐந்து வருடமாக ரொட்டிக்கடை வண்டிகளில் பன்னும் கேக்கும் வரைந்து பிழைத்தவள். இதுதான் அவளுக்கு முதல் சுவர். இது ஒழுங்காக முடிந்தால் நடைபாதையின் மற்ற ஆறு சுவர்களும் அவளுக்கே என்று தங்கள் ஒப்பந்தம் சொல்கிறது. அதை நம்பி வண்டி வேலையை விட்டாள். ஏப்ரல் குளிரில், வாலை மட்டும் தன்னந்தனியாகப் பதினோரு நாள் வரைந்தாள். விரல் விறைத்துப்போனதால் தூரிகையைக் கையோடு சேர்த்து நாடாவால் கட்டிக்கொண்டாள். கட்டிவிட்டது நான். அந்த வாலில் வெள்ளி, ஊதா, பாசிப்பச்சை, இன்னும் பெயர் இல்லாத நாலு நிறம் இருந்தது. வாலைப் பார்த்து ஒரு நாய் குரைத்ததை நானே கண்டேன். மூன்று நாய் என்றும் சொல்கிறார்கள்.

4. ஏப்ரல் 26, சனிக்கிழமை. அன்று டுக்னாட், அதாவது கூலியில்லாமல் ஊரே இறங்கி வேலை செய்யும் நாள். தலையிலிருந்து வயிறு வரை வண்ணம் நிரப்ப மேற்குக் கரையிலிருந்து முப்பது பேர் கூடினோம். சுன்னிவா சாரத்தின் மேலே, சுவரைத் தவிர எதையும் பார்க்காமல், மீனின் கண்ணை வரைந்துகொண்டிருந்தாள். பத்து மணிக்கு, சுவரின் மறுமுனையில், ரோலரும் வாளியுமாக இருபத்துமூன்று பேர் வந்து இறங்கினார்கள். அவர்கள் கிழக்குக் கரைச் சுத்தக் குழு. மே 17 தேசிய தின ஊர்வலத்துக்கு முன்னால் நடைபாதைச் சுவர்களில் உள்ள கிறுக்கல்களின் மீது நகராட்சியின் சாம்பல் வண்ணத்தைப் பூசுவது வருடாவருடம் அவர்கள் வேலை. அவர்களிடம் தங்கள் துறை கொடுத்த சுவர்ப் பட்டியல் இருந்தது. அதில் ஏழாம் எண்ணும் இருந்தது.

5. "அப்போதே கேட்டிருக்கக் கூடாதா?" என்று தாங்கள் கேட்பீர்கள். ஐயா, தாங்களும் இந்த ஊர்க்காரர்தானே. டுக்னாட்டுக்கு ரோலரோடு வந்து நிற்பவரிடம் "நீங்க யாரு, எதுக்கு வந்தீங்க" என்று கேட்க யாருக்கு வாய் வரும்? அது கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவரின் தட்டை எடுப்பது மாதிரி. வால் மறைய மறைய நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஓவியருக்கு மனசு மாறிவிட்டது, புது வால் போடப்போகிறார், அதற்கு அடிப்பூச்சு பூச ஆள் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தோம். கலைஞர்கள் விஷயம், நமக்கென்ன தெரியும்? அவர்களும் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பதினொன்றரைக்குக் குடியிருப்போர் சங்கத் தலைவி பியோர்க் வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து இரண்டு தரப்புக்கும் பரிமாறினார். கிழக்குக் கரைத் தலைவர் ஸ்டைனார் மோ என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

"தலை அருமையா வந்திருக்குய்யா" என்றார் அவர்.

"உங்க பூச்சு மட்டும் என்னவாம், கண்ணாடி மாதிரில்ல இருக்கு" என்றேன் நான்.

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னோம்.

6. இரண்டரை மணிக்கு எங்கள் ரோலரும் அவர்கள் ரோலரும் டியூபாவின் நடுவில் சந்தித்தன. அப்போதும் யாரும் கேட்கவில்லை. "நீங்க முடிங்க", "இல்லல்ல, நீங்க முடிங்க" என்று மரியாதை நடந்தது. சுன்னிவா மீனின் கண்ணை வரைந்து முடித்துவிட்டுச் சாரத்திலிருந்து இறங்கி வந்தாள். சுவரின் நீளத்துக்கும் ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மாமா, வால் எங்க?"

ஐம்பத்துமூன்று பேர் நின்றோம். கடைசியில் ஸ்டைனார்தான் பேசினார். "பாத்தோம்மா. ரொம்ப நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பட்டியல்ல இருந்துச்சே." அவள் அவரைத் திட்டவில்லை. வாளிகளை வரிசையாக மூடி வைத்தாள், தூரிகைகளைக் கழுவினாள், போய்விட்டாள். ஒரு தடவை திட்டியிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

7. இந்த நிலையில்தான் தங்கள் கடிதம் வந்தது. ஓவியம் ஒப்புதல் பெற்ற வரைபடத்தோடு ஒத்துப்போகவில்லையாம். மீன் பாதியே இருக்கிறதாம். எனவே மே 16க்குள் மீதிப் பாதியும் சாம்பலாக்கப்படுமாம். பணி முடிக்கப்படாததால் ஆறு சுவர்களும் வேறு ஊர் நிறுவனத்துக்குப் போகுமாம். ஐயா, மிகுந்த பணிவோடு கேட்கிறேன். ஒரே சுவரை ஓவியத்துக்கு என்று எங்களிடம் ஒரு தாளிலும், சாம்பலுக்கு என்று அவர்களிடம் இன்னொரு தாளிலும் கொடுத்தது ஒரே துறை, அநேகமாக ஒரே மேசை. அதற்கு வாலைப் பறிகொடுத்தவளையா தண்டிப்பது? அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது. சுன்னிவா ரொட்டிக்கடைக்குப் போன் செய்து பழைய வேலை காலியா என்று விசாரித்திருக்கிறாள். இல்லை என்றிருக்கிறார்கள்.

8. மே 6ஆம் தேதி மாலை ஸ்டைனார் பாதாம் கேக்கோடு என் வீட்டுக்கு வந்தார். நாற்பது நிமிடம் கோடைக்கால டயர்களைப் பற்றிப் பேசினார். பனிக்கால டயரை எப்போது கழற்ற வேண்டும் என்று நானும் பேசினேன், அந்த விஷயத்தில் இந்த மாவட்டத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. கிளம்பும்போது, ஒரு காலைச் செருப்புக்குள் விட்டுக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னார்: "அந்த வால நாங்க போட்டுத் தர்றோம், ஒட்வார். அந்தப் பொண்ணு கோடு மட்டும் கிழிச்சுக் குடுக்கட்டும்." கிழக்குக் கரைக்காரர் ஒருவர் மேற்குக் கரை வீட்டில் வந்து இப்படிக் கேட்டது, எனக்குத் தெரிந்து, பாலம் கட்டியதற்கு அப்புறம் இதுதான் முதல் தடவை.

9. இந்த இடத்தில் நான் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. இம்மனு வாலுக்கு அனுமதி கேட்கும் மனு. ஆனால் வால் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. நேற்று முன்தினம், மே 10, சனிக்கிழமை, இரண்டு கரையும் சேர்ந்து டுக்னாட் வைத்தோம். எண்பது பேர் வந்தார்கள். சுன்னிவா வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். ஒன்பது மணிக்கு வந்து, சுண்ணக்கட்டியால் கட்டம் போட்டு, யாருக்கு எந்தக் கட்டம் எந்த நிறம் என்று எண் எழுதிக் கொடுத்தாள். மதியத்துக்குள் எல்லோரையும் திட்டவும் ஆரம்பித்துவிட்டாள். கேட்கக் காது குளிர்ந்தது. முந்தையதைவிட இந்த வால் நல்ல வால் என்று அவளே சொன்னாள். அனுமதியில்லாமல் செய்தது தவறுதான். மனு முதலில், வால் பிறகு என்றுதான் திட்டம். ஆனால் வானிலை அறிக்கை சனிக்கிழமை மட்டும்தான் வெயில் என்று சொல்லிவிட்டது. வானிலைத் துறையும் அரசுத் துறைதானே.

10. இன்னொரு விஷயம். அன்று பதினொரு மணி வாக்கில் சாம்பல் நிற மேல்சட்டை போட்ட ஒருவர், அளவு நாடாவும் ஒரு கோப்புமாக நடைபாதையில் வந்து நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பியோர்க் அதில் ஒரு வாஃபிள் துண்டை வைத்துவிட்டு, கோப்பினை வாங்கிச் சாரத்தில் மாட்டி, கையில் ரோலரைக் கொடுத்து, "அந்த ஓரத்துல ஆள் பத்தல, போங்க" என்றார். அவரும் போனார். இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் வாலின் கீழ்முனையில் வேலை செய்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. ஓரம் பிடிப்பதில் எனக்கு அடுத்தபடி அவர்தான் என்று நானே எல்லோரிடமும் சொன்னேன். அவர் யாரென்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நேற்று இம்மனுவுக்காகத் தங்கள் பெயரை நகராட்சி இணையதளத்தில் தேடியபோது தங்கள் புகைப்படத்தைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். ஐயா, கீழ்முனை மிக நன்றாக வந்திருக்கிறது.

ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து,

அ) வாலுக்கான அனுமதியை மே 9ஆம் தேதியிட்டு வழங்குமாறும் (அது அதில் உழைத்த எல்லோருக்குமே பாதுகாப்பு),

ஆ) ஓவியம் முழுமையடைந்ததாகப் பதிவு செய்து, ஆறு சுவர்களையும் ஒப்பந்தப்படி சுன்னிவாவிடமே விடுமாறும்,

இ) கிழக்குக் கரைச் சுத்தக் குழுவை ஐந்தாவது கூட்டாளியாகச் சேர்த்து, அவர்கள் பட்டியலிலிருந்து ஏழாம் எண்ணை அடித்துவிடுமாறும்

இரண்டு கரை மக்களின் சார்பாகக் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் விட்டுச்சென்ற கோப்பு என் சமையலறையில் பத்திரமாக இருக்கிறது. முதல் பக்கத்தைத் தவிர எதையும் படிக்கவில்லை. வாங்கிக்கொள்ள எப்போது வந்தாலும் காபி உண்டு.

இடம்: ஸ்டென்வோல்
நாள்: மே 12, திங்கள்

மீனின் தலைப்பக்கத்துக்காக,
ஒட்வார் க்வாம்

வால்பக்கத்துக்காக,
ஸ்டைனார் மோ

இணைப்பு:
1. முழு மீனின் புகைப்படம்.
2. வாலின் கீழ்முனையில் தாங்கள், ரோலரோடு, சிரித்தபடி. (இதற்கு ஒரே பிரதிதான் எடுத்திருக்கிறோம், இதுவரை.)